கத்திரி வெயிலும் களத்துத் தூசியும் கேமிங் லேப்டாப்பும்

புதிதாகக் கேமிங் லேப்டாப் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் புகார்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘ஃபேன் சத்தம் தாங்கலை’, ‘கீபோர்டுக்கு மேலே கை வைக்க முடியலை, அவ்வளவு சூடு’, ‘கேம் போட்டா ஒரு மணி நேரம்கூட சார்ஜ் நிக்கலை’. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமமாக இருந்தால் நான்காவதாக ஒன்று சேர்ந்துகொள்ளும்: ‘ஓரத்துல தொட்டா சுருசுருன்னு ஷாக் அடிக்குது’. லட்ச ரூபாயை ஒட்டிப் பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி இப்படிக் காதில் விழுந்தால், கடைக்காரர் தலையில் கட்டிவிட்டாரோ என்று வீட்டுப் பெரியவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் என் அக்கா மகன் இப்படி ஒன்றை வாங்கிவிட்டு, இதே நான்கு புகாரையும் சொல்லி, “நல்ல மெஷின்தானா மாமா, இல்ல மாத்திடலாமா?” என்று கேட்டான். நல்ல மெஷின்தான். அவன் சொன்ன நான்கில் மூன்று பழுதே அல்ல, இயற்பியல். நான்காவது, லேப்டாப்பின் பழுது அல்ல, வீட்டு வயரிங்கின் பழுது. இந்த வகை லேப்டாப்பின் உண்மையான வேகத்தை முடிவு செய்வது உள்ளே இருக்கும் சிப் மட்டும் இல்லை. அந்தச் சிப்பில் பிறக்கும் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ள முடிகிறது என்பதுதான் பாதிக் கதை. நம் டெல்டாவில் அந்தச் சூட்டை வழிமறிப்பதில் கத்திரி வெயிலைவிடக் களத்துத் தூசிக்குப் பங்கு அதிகம். அது எப்படி என்று பார்ப்போம்.

நொடிக்கு 30 கோடிப் புள்ளிகள்

புது லேப்டாப்பைத் திறந்ததும் கண்ணில் படுவது திரையின் வழுக்கல். அம்புக்குறியை நகர்த்தினால் எண்ணெயில் போவதுபோல் போகிறது. சாதாரணத் திரை ஒரு நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். கேமிங் லேப்டாப்பில் 144 முறை என்பது இன்று சாதாரணம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி நொடியிலிருந்து 6.9 மில்லி நொடியாகக் குறைகிறது. அந்தப் பத்து மில்லி நொடி வித்தியாசத்தைத்தான் கண் ‘வழுக்கல்’ என்று உணர்கிறது. 144-லிருந்து 240-க்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது மூன்று மில்லி நொடிகூட இல்லை. அதற்காக அதிகப் பணம் கொடுப்பது போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் அவசியம்.

முழு ஹெச்டி திரையில் 1,920-ஐ 1,080-ஆல் பெருக்கினால் வரும் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 144 முறை என்றால் ஏறக்குறைய 30 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, எது எதை மறைக்கிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிக் கணக்கு. ஒரு புள்ளியின் கணக்குப் பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதில் ஒரு வசதி. அதனால்தான் கிராஃபிக்ஸ் சிப்பில் கெட்டிக்காரக் கணிப்பான்கள் நாலைந்து வைப்பதற்குப் பதில் எளிய கணிப்பான்களை ஆயிரக்கணக்கில் வைக்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பில் இப்படி 3,072 இருக்கின்றன. சிப்பின் பரப்பு ஏறக்குறைய 159 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தளவு. அதற்குள் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள்.

இது எவ்வளவு பெரிய கணக்குச் சக்தி என்பதற்கு விவசாயத்தோடு தொடர்புள்ள ஒரு பழைய கணினியை நினைத்துப் பார்க்கலாம். பருவமழையைச் சில நாட்கள் முன்கூட்டியே கணித்து விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று 1980களின் இறுதியில் இந்தியா அமெரிக்காவிலிருந்து க்ரே எக்ஸ்-எம்பி என்ற சூப்பர் கம்ப்யூட்டரை வாங்கியது. அதைவிடச் சக்திவாய்ந்த வடிவத்தைத்தான் நாம் கேட்டோம். அமெரிக்கா தர மறுத்துச் சிறியதைக் கொடுத்தது. டெல்லியில் நிறுவப்பட்ட அந்த இயந்திரத்தின் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 20 கோடிக் கணக்குகள். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 10 லட்சம் கோடிக்கு மேல். இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது முழு நேர்மை ஆகாது. வானிலைக் கணிப்புக்கு 64-பிட் துல்லியம் வேண்டும், கேமுக்கு 32-பிட் போதும். 64-பிட்டுக்கு மாறினால் இந்தச் சிப்பின் வேகம் 64-ல் ஒரு பங்காகிவிடும். அப்போதும் க்ரேயைவிடப் பல நூறு மடங்கு வேகம். ஒருகாலத்தில் ஒரு வல்லரசு தர யோசித்ததைவிட அதிகமான சக்தி இன்று காலேஜ் பையனின் பையில் போகிறது. கேம் ஆடுவதற்கு மட்டும் அதை வைத்திருக்க வேண்டியதில்லை. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை, வீட்டிலேயே ஓடும் சிறிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் எல்லாவற்றுக்கும் இதே சிப்தான்.

உச்சி வெயிலைப் போல் 600 மடங்கு

இத்தனை கணக்குக்கும் மின்சாரம் வேண்டும். பம்ப்செட் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரை மேலே ஏற்றுவதற்குப் போகிறது. லேப்டாப் எதையும் தூக்குவதில்லை, அரைப்பதில்லை. திரையின் வெளிச்சம், ஸ்பீக்கரின் சத்தம், ஃபேன் தள்ளும் காற்று ஆகியவைகூடக் கடைசியில் அறைக்குள்ளேயே சூடாக முடிகின்றன. சுவரிலிருந்து 180 வாட் இழுத்தால் அறைக்குள் 180 வாட் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் வெளிவிடுவது சுமார் 100 வாட். பூட்டிய அறையில் ஒருவர் கேம் ஆடும்போது கூடவே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புழுக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிடும்.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதம் ஆடினால் சுமார் 32 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஏசி போட்டு ஆடினால், அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி இழுக்கும் மின்சாரம் தனி.

பிரச்சினை சூட்டின் மொத்த அளவில் இல்லை, அது எவ்வளவு சின்ன இடத்தில் பிறக்கிறது என்பதில் இருக்கிறது. உச்சி வெயில் நேராக அடிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தரையில் விழும் ஆற்றல் சுமார் 0.1 வாட். அந்தத் தரையில்தான் நாம் வெறுங்காலோடு நடக்க முடியாமல் துள்ளுகிறோம். 100 வாட்டில் ஓடும் மேற்சொன்ன சிப் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்குகிறது. வெயிலைப் போல் 600 மடங்கு. அந்தச் சூட்டை அங்கேயே விட்டால் சில நொடிகளில் சிப் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு சிப்புக்குள்ளும் வெப்பநிலையை அளக்கும் உணரிகள் உண்டு. பல இன்டெல் சிப்களுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஆடும்போது முதல் பத்து நிமிடம் பறந்துவிட்டுப் பிறகு திடீரென்று தடுமாறினால், பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஃபேன் ஏன் திடீரென்று அலறுகிறது என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கோர் ஐ7-13650ஹெச்எக்ஸ் என்ற இன்டெல் சிப்பின் அடிப்படை மின்சக்தி 55 வாட். அவசரத் தேவை வந்தால் கொஞ்ச நேரத்துக்கு 157 வாட் வரை போகும் உரிமை அதற்கு உண்டு. பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்தாலே அந்த அவசரம் வந்துவிடும். சிப்பின் சூடு ஒரு நொடியில் எகிறும், ஃபேன் பின்னாலேயே ஓடும். ஃபேனின் வேகம் இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். முணுமுணுப்பு இரைச்சலாக மாறுவது அப்படித்தான்.

கூடவே இன்னொரு விதி. சிப் இழுக்கும் மின்சக்தி அதன் வேகத்தோடு நேராகவும், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயரும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசிப் பத்து சதவீத வேகம் மிக மோசமான விலைக்கு வருகிறது. திருப்பிப் பார்த்தால் இது லாபம். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தால் மின்சக்தி 27 சதவீதம் குறையும். ‘பர்ஃபார்மன்ஸ்’ நிலையிலிருந்து ‘பேலன்ஸ்டு’ நிலைக்கு மாற்றினால் கேமில் பெரிய வித்தியாசம் தெரியாமல் சத்தம் மட்டும் அடங்கிப்போவதன் ரகசியம் இதுதான்.

அரிசி ஆலையின் நீராவி

சிப்பின் தலைமேல் பிறக்கும் சூட்டை லேப்டாப்பின் ஓரத்துக்குக் கொண்டுபோவது தட்டையான சில செப்புக் குழாய்கள். பார்ப்பதற்குக் கெட்டியான செம்பு மாதிரி இருந்தாலும் உள்ளே வெற்றிடம், அதில் கொஞ்சூண்டு தண்ணீர். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டதால் அந்தத் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி தேவையில்லை, நாற்பது ஐம்பது டிகிரியிலேயே ஆவியாகும். சிப் இருக்கும் முனையில் ஆவியாகி, மறுமுனையில் ஃபேன் காற்று பாயும் மெல்லிய தகடுகள் இருக்கும் இடத்தில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நுண்துளைச் செப்புத் தூள், திரி எண்ணெயை இழுப்பதைப் போலவே, அந்தத் தண்ணீரைச் சிப்புக்குத் திருப்பி அனுப்பும். இந்த யோசனைக்கு 1944-லேயே ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் காப்புரிமை வாங்கினார். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியாக உருவாக்கி, உபயோகத்துக்குக் கொண்டுவந்தார். விண்கலங்களுக்காக வளர்ந்த உத்தி, பிறகு லேப்டாப்புக்குள் வந்தது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்த உத்தி புதிதில்லை. புழுங்கல் அரிசி ஆலையில் ஊறிய நெல்லுக்குள் நீராவியை விடுகிறார்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் வெளிவிடும் வெப்பம் 4.2 ஜூல்தான். ஒரு கிராம் நீராவி நெல்மேல் பட்டுத் தண்ணீராக மாறினால் வெளிவிடுவது சுமார் 2,260 ஜூல். வெந்நீரை ஊற்றி மணிக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை நீராவி நிமிடங்களில் முடிப்பது இந்த வித்தியாசத்தால். அதே வித்தியாசம்தான் செப்புக் குழாயிலும் வேலை செய்கிறது. 100 வாட் சூட்டைக் கடத்த நொடிக்கு ஒரு கிராமில் ஏறக்குறைய 25-ல் ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் போதும்.

இதே சிக்கல் பெரிய அளவில் பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில், துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் (என்ஐடி) 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். ஃபேன் காற்று மட்டும் போதாது என்பதால் அங்கே சிப்களின் பக்கத்துக்கே திரவத்தைக் குழாயில் கொண்டுவந்து குளிர்விக்கிறார்கள். கணினி பெரிதானாலும் சிறிதானாலும் கணக்குப் போடுவது பாதி வேலை, சூட்டை அகற்றுவது மீதி வேலை.

கத்திரியில் எவ்வளவு குறையும்?

செப்புக் குழாய் கொண்டுவந்த சூட்டைக் கடைசியில் அறைக் காற்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். காற்று குளிர்ந்திருந்தால் நிறைய வாங்கும், சூடாக இருந்தால் குறைவாக வாங்கும். இதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். சிப்பின் எல்லை 100 டிகிரி. மார்கழி மாதத்து அறை 28 டிகிரி என்றால் இடைவெளி 72. கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டு அறை 38 டிகிரி என்றால் இடைவெளி 62. வெளியேற்றக்கூடிய சூடு இந்த இடைவெளிக்கு ஏற்ப மாறும் என்பதால், கத்திரியில் அது சுமார் 14 சதவீதம் குறைகிறது.

அப்படியானால் வேகமும் 14 சதவீதம் குறையுமா? குறையாது. மேலே சொன்ன விதிப்படி, மின்சக்தியை 14 சதவீதம் குறைக்க வேகத்தை ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்தால் போதும். நொடிக்கு 100 படம் காட்டிய கேம் 95 காட்டும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தாங்குமா’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: வெயில் மட்டும் என்றால் தாங்கும்.

ஐப்பசிப் புழுக்கமும் அப்படித்தான். அறையில் நமக்கு வியர்த்துக் கொட்டும், ஏனென்றால் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாது. லேப்டாப் வியர்ப்பதில்லை. காற்றின் வெப்பநிலை மட்டும்தான் அதற்குக் கணக்கு, ஈரம் கணக்கில்லை. மழைக்காலத்தில் மனுஷனுக்குத்தான் கஷ்டம், மெஷின் சொகுசாக ஓடும். ஓடும் லேப்டாப் எப்போதும் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் படியவும் வழியில்லை.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேல் பட்டாலும் பனித்துளியாகும். 24 டிகிரி ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பை உடனே வெளியே கொண்டுவந்து ஆன் செய்தால், உள்ளே சர்க்யூட்டின்மேல் அந்தத் துளி நிற்கக்கூடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் போதும்.

  

களத்திலிருந்து வரும் எதிரி

லேப்டாப்பின் உண்மையான எதிரிக்கு வருவோம். 150 வாட் சூட்டை, காற்று 20 டிகிரி கூடுதலாகச் சூடேறி வெளியே போகும்படி அகற்ற வேண்டுமானால், நொடிக்கு ஆறரை லிட்டர் காற்று உள்ளே புகுந்து வெளிவர வேண்டும். மணிக்கு 23 கன மீட்டருக்கு மேல். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் அதன் மொத்தக் காற்றே 28 கன மீட்டர்தான். ஒன்றேகால் மணி நேரம் ஆடினால் அறையில் உள்ள அவ்வளவு காற்றுக்குச் சமமான காற்று அந்தச் சின்னப் பெட்டி வழியாகப் போய்வந்திருக்கும். அந்தக் காற்றில் என்ன மிதந்ததோ அதில் ஒரு பங்கு உள்ளே தங்கும்.

நம் ஊர்க் காற்றில் என்ன மிதக்கிறது? குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். சம்பா அறுப்பு தை, மாசியில். அறுவடை மிஷின் வயலில் இறங்கியதும் பதரும் தூசும் புகையாகக் கிளம்பும். அடுத்து வைக்கோல் கட்டும் மிஷின் வரும். களத்தில் நின்றவர் வீட்டுக்கு வந்து குளிக்கும்வரை உடம்பு அரிப்பதற்குக் காரணம் நெல்லின் சுணை. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையிலும் உமியிலும் சேர்த்துவைக்கும் பயிர். நெல் இலையின் ஓரம் கையை அறுப்பது அதனால்தான். உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். சிலிக்கா சேர்ந்த இந்தச் சுணை, சொரசொரப்பான நார் நாரான தூசி. நகரத்து ரோட்டுத் தூசியைவிட எளிதில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

அக்கா மகனின் லேப்டாப்பை மாசி மாதக் கடைசியில் திறந்தபோது இதை நேரில் பார்த்தேன். அடிப்பலகைத் திருகுகளைக் கழற்றியதும் ஃபேன் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனைத் தூக்கியதும் காற்று வெளியேறும் தகடுகளின் உள்பக்கத்தில் கம்பளித் துணி ஒட்டியதுபோல் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு படலம். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தலைமுடி, பஞ்சு, நடுவில் சுணை. ஓரத்தில் செத்துக்கிடந்த ஒரு பச்சைத் தத்துப்பூச்சி.

பூச்சி அங்கே வந்ததற்கும் காரணம் உண்டு. பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் ராத்திரியில் வெளிச்சத்தைத் தேடி வருபவை. அதை வைத்துத்தான் வேளாண் துறை விளக்குப்பொறி வைக்கச் சொல்கிறது. நீல ஒளி நிறைந்த எல்இடி திரையும் பூச்சிக்கு ஒரு விளக்குப்பொறி. வயலோரத்து வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்து ராத்திரி ஆடுபவர்கள், கொசுவலை அடித்த ஜன்னலாகப் பார்த்து உட்காருவது நல்லது.

அந்தப் படலம் என்ன செய்கிறது? தகடுகளுக்கு இடையே உள்ள சந்து ஒன்று இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் வாயில் அடைத்துக்கொண்டால் காற்று பாதியாகக் குறையும். கத்திரி வெயில் வெளியேறும் சூட்டில் 14 சதவீதத்தைத்தான் குறைத்தது, அடைப்பு அதைவிடப் பல மடங்கு குறைக்கும். ஃபேன் முழு வேகத்தில் அலறும், காற்று வராது, சிப் எல்லையைத் தொட்டு மண்டியிடும். ‘வாங்கும்போது நல்லா ஓடுச்சு, ஆறு மாசத்துல ஸ்லோ ஆயிடுச்சு’ என்பவர்களில் பலரின் நோய் இதுதான். மருந்து ஒரு சின்ன பிரஷ்ஷும் காற்றூதியும்.

ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது கட்டுக்கடங்காமல் சுழன்று பேரிங் கெட்டுப்போகும். தகடுகளில் வெளியிலிருந்து உள்ளே ஊதிப் படலத்தைக் கழற்றிவிட்டுப் பிறகு பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். ஊதுவதற்கு முன் சார்ஜரைக் கழற்றிப் பவரை அணைத்துவிடுவது கட்டாயம். பாயிலும் மெத்தையிலும் வைத்து ஆடினால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் மூடிப்போகும். மேஜையில் வைத்து, பின்பக்கத்தில் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக்கொடுத்தாலே காற்று தாராளமாகப் போகும். தனியாகக் கூலிங் ஸ்டாண்டு வாங்குவது பிறகு.

சார்ஜும் ஷாக்கும்

கேம் ஆடினால் சார்ஜ் நிற்காது என்பது பேட்டரியின் குற்றமில்லை. விமானத்தில் அனுமதி வாங்காமல் கையோடு எடுத்துப் போகும் பேட்டரிக்கு எல்லை 100 வாட்-மணி. அதனால் லேப்டாப் பேட்டரி எல்லாம் அதற்குக் கீழேதான். 80 வாட்-மணிப் பேட்டரியில் படிப்பு வேலை 15 வாட்டில் நடந்தால் ஐந்து மணி நேரம் தாண்டும். கேம் 100 வாட் கேட்டால் முக்கால் மணி நேரம். பேட்டரி ஒரே சமயத்தில் 200 வாட் கொடுக்கவும் முடியாது என்பதால், ப்ளக்கைப் பிடுங்கியதும் லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டெல்டாவில் பல வீடுகளுக்கு முதல் லேப்டாப்பாக வந்தது, 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப். அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் இயந்திரமாக இருந்ததால், கரண்ட் இல்லாத வேளையிலும் அது பேட்டரியில் உதவியது. கேமிங் லேப்டாப்பிடம் அதை எதிர்பார்க்க முடியாது. இது சுவரோடு கட்டிப்போட வேண்டிய சாதி. எப்போதும் ப்ளக்கில்தான் இருக்கும் என்றால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியை ஆன் செய்துவிடுங்கள். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும்.

வோல்டேஜ் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பம்ப்செட் எல்லாம் ஓடும் நேரத்தில் வீட்டில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் லேப்டாப் அடாப்டர் சளைக்காது. அதன் லேபிளில் 100-லிருந்து 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். வோல்டேஜ் குறைந்தால் அது கரண்டைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். 200 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.87 ஆம்பியர் இழுத்தது, 180-ல் 1.11 ஆம்பியர் இழுக்கும். ஸ்டெபிலைசர் தேவையில்லை. தளர்ந்துபோன பழைய ப்ளக் பாயின்ட் மட்டும் கூடாது.

தொட்டால் சுருசுருக்கும் அந்த ‘ஷாக்’ எர்த் இல்லாத வீட்டின் அடையாளம். அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்ன மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் மூன்றாவது பின் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். அந்தப் பின்னுக்குப் பின்னால் எர்த் வயரே இல்லையென்றால், அது லேப்டாப்பின் உலோக உடம்பில் நின்று, தொடுகிற விரல் வழியே இறங்கும். அளவு மிகக் குறைவு என்பதால் அதனாலேயே ஆபத்து வராது. ஆனால் அதே வீட்டில் மிக்ஸியோ மோட்டாரோ உண்மையிலேயே கசிந்தால் காப்பாற்ற ஆளில்லை என்பதற்கு இது முன்னெச்சரிக்கை. களிமண் பூமி கோடையில் வெடித்துக் காய்ந்தால், இருக்கிற எர்த் குழியும் வேலை செய்யாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு

கடையில் எல்லாரும் கேட்பது ‘எந்த கிராஃபிக்ஸ் கார்டு’ என்றுதான். அந்தப் பெயர் பாதி விவரம்கூட இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று என்விடியாவே லேப்டாப் நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ஒல்லியான அழகான லேப்டாப்பில் அது குறைந்த வாட்டில் ஓடும். தடிமனான, கனமான, இரண்டு பக்கமும் காற்றுப் போக்கி உள்ள லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடும். ஸ்டிக்கரில் இரண்டிலும் ஒரே பெயர்தான். அதனால் ‘இதில் கிராஃபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள்’ என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் விவரப் பட்டியலில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, அடிப்பலகையை நாமே கழற்றிச் சுத்தம் செய்தால் வாரண்டி போகுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பிறகு வருடத்துக்கு இரண்டு வேலைதான். குறுவை அறுப்பு முடிந்ததும் ஒரு முறை, சம்பா அறுப்பு முடிந்ததும் ஒரு முறை, தகடுகளில் படிந்த தூசியை எடுத்துவிடுங்கள். அதைச் செய்பவருக்குக் கத்திரி வெயிலில் போவது ஐந்து சதவீத வேகம். செய்யாதவருக்கு, கொடுத்த பணத்தில் எவ்வளவு போகும் என்பது அவர் வீட்டுக் களத்தைப் பொறுத்தது.